கடைசி மூன்று நாள் கையைக் கட்டிக்கொண்டு இருங்கள்

கோழி முட்டை பொரிக்க 21 நாள். முதல் 18 நாள் மனிதன் வேலை செய்ய வேண்டிய நாட்கள். கடைசி மூன்று நாள் அவன் சும்மா இருக்க வேண்டிய நாட்கள். நம் பக்கத்தில் இன்குபேட்டர் வாங்கி வைத்திருக்கும் பிள்ளைகள் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம். முதல் பதினெட்டு நாள் பெட்டியை மறந்துவிடுகிறார்கள். கடைசி மூன்று நாள் பெட்டியை விட்டு நகர்வதே இல்லை. மூடியைத் திறப்பதும், முட்டையைக் காதில் வைத்துக் கேட்பதும், ஓட்டை நகத்தால் சுரண்டுவதுமாக, நன்றாக வந்துகொண்டிருந்த குஞ்சைக் கடைசி வாசற்படியில் சாகடிக்கிறார்கள்.

பென்ஷன் ஆயுள் சான்று, பழைய கோப்புகள் என்று எழுதிக்கொண்டிருந்தவனுக்குக் கோழிக்குஞ்சில் என்ன வேலை என்று சிலர் கேட்பீர்கள். காரணம் உண்டு. நான் ஓய்வு பெற்று மகன் வீட்டோடு ஒரகடம் பக்கம் வந்தபோது, வல்லக்கோட்டை போகும் சாலையில் இன்னும் நெல் வயல் இருந்தது. வீட்டு வாசலில் கோழி மேய்ந்தது. இப்போது வயல் மனையாகிவிட்டது. மனையைச் சுற்றிக் காம்பவுண்டு சுவர். கோழி மேய இடமில்லை. மேயாத கோழிக்கு அடையும் அபூர்வம். ஆனால் நாட்டுக்கோழிக் கறிக்கும் முட்டைக்கும் கேட்கிற விலை இருக்கிறது. அதனால் கம்பெனியில் ஷிப்ட் பார்க்கும் பையன்கள் ஆன்லைனில் ஒரு பெட்டியை வாங்கி, மாடிப்படிக்குக் கீழே வைத்து முட்டை பொரிக்கிறார்கள்.

இதைப் பொழுதுபோக்கு என்று யாரும் நினைக்க வேண்டாம். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் 1998-இல் வெளிவந்தபோது இந்தப் பகுதிக்கே விடிந்துவிட்டது என்று பேசினோம். ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் நோக்கியா வந்தது. 2014-இல் மூடியும் விட்டது. அதற்குப் பிறகு இங்குள்ள குடும்பங்கள் கம்பெனிச் சம்பளத்தை மட்டும் நம்புவதில்லை. ஒப்பந்தத் தொழிலாளியாக இருப்பவருக்கு ஒப்பந்தம் முடிந்து அடுத்தது கிடைக்கிற வரை வீட்டில் ஏதாவது ஒரு வரும்படி வேண்டும். ஆடு வைக்க இடமில்லை. மாடு வைக்கத் தண்ணீர் இல்லை. குஞ்சு பொரித்து, ஒரு மாதம் வளர்த்து விற்றால் பள்ளிக்கூட பீஸுக்கு ஆகும். ஆகவே 30 முட்டையில் 20 குஞ்சு வருவதும் 9 குஞ்சு வருவதும் அந்த வீட்டில் ஒரு மாத நிம்மதியின் கணக்கு.

எங்கள் பக்கத்து வீட்டுத் தம்பியும் அப்படித்தான் ஆரம்பித்தார். உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் ஒப்பந்த வேலை. மனைவி, இரண்டு பெண் குழந்தைகள். சேலம் பக்கத்துச் சொந்தக்காரர் மூலம் முட்டைக்கு 25 ரூபாய் கொடுத்து 30 முட்டை வரவழைத்தார். பதினெட்டாம் நாள் டார்ச் அடித்துப் பார்த்தபோது 24 முட்டையில் உயிர் இருந்தது. அருமையான கணக்கு. கடைசியில் பிழைத்தது ஒன்பதுதான்.

நடந்ததை அவர் மனைவி என்னிடம் சொன்னார். "ஐயா, இருபதாம் நாள் ராத்திரி முட்டைக்குள்ள கீச்கீச்சுனு சத்தம். ஓட்டுல சின்னதா பொத்தல். அப்புறம் ஆறு மணி நேரம் ஆகியும் வெளியே வரல. இவரு பாவமா இருக்குன்னு ஓட்டை உரிச்சு எடுத்துட்டாரு. முதல் குஞ்சுல ரத்தம் வந்துச்சு. ரெண்டாவதுக்குத் தொப்புள்ல மஞ்சள் கரு தொங்குச்சு. இவரு அழுதுட்டாருங்க." அந்தத் தம்பி கல் மனசுக்காரர் இல்லை. நல்ல மனசுக்காரர். இந்தக் கடைசி மூன்று நாளில் குஞ்சுக்கு எமனாக வருவது பெரும்பாலும் நல்ல மனசுதான்.

முட்டைக்குள் அப்போது என்ன நடக்கிறது என்று தெரிந்தால் கை தானாக நின்றுவிடும். பதினெட்டாம் நாள் வாக்கில் குஞ்சு முட்டை முழுக்க நிறைந்துவிட்டது. தலையைத் திருப்பி வலது இறக்கைக்குக் கீழே செருகிக்கொண்டு, அலகை முட்டையின் அகலமான பக்கத்தில் இருக்கும் காற்றறையை நோக்கி வைத்துக்கொள்கிறது. இந்த நேரத்தில் முட்டையைப் புரட்டினால் அதற்குத் திசை குழம்பும். அதனால்தான் பதினெட்டோடு திருப்புவதை நிறுத்தச் சொல்கிறார்கள். பிறகு அலகால் உள்சவ்வைக் குத்திக் காற்றறைக்குள் மூக்கை நீட்டுகிறது. அதுதான் அதன் முதல் மூச்சு. அதுவரை ஓட்டின் உட்புறம் ஒட்டியிருக்கும் ரத்தக்குழாய் வலை வழியாகத்தான் அதற்குக் காற்று போய்க்கொண்டிருந்தது. இப்போது நுரையீரல் வேலை செய்யத் தொடங்குகிறது. நமக்குக் கேட்கிற கீச்சொலி அப்போது வருவது.

அலகின் நுனியில் வெள்ளையாக ஒரு முள் இருக்கும், முட்டைப்பல் என்பார்கள். அதை வைத்து ஓட்டில் முதல் பொத்தல் போடுகிறது. போட்டுவிட்டுச் சும்மா படுத்துவிடுகிறது. பன்னிரண்டு மணி நேரம், சில சமயம் இருபத்துநான்கு மணி நேரம்கூட. வெளியிலிருந்து பார்ப்பவருக்குச் சிக்கிக்கொண்டு தவிப்பதுபோல் தெரியும். உண்மையில் உள்ளே பெரிய கணக்கு முடிப்பு நடக்கிறது. ஓட்டுச் சவ்வில் ஓடிக்கொண்டிருந்த ரத்தமெல்லாம் உடம்புக்குள் திரும்ப வேண்டும். மிச்சமிருக்கும் மஞ்சள் கரு தொப்புள் வழியாக வயிற்றுக்குள் போக வேண்டும். தொப்புள் மூட வேண்டும். ஆபீஸில் இருந்தவர்களுக்குச் சொல்வதென்றால், மார்ச் 31 சாயங்காலம் கஜானாக் கணக்கு முடிக்கிற நேரம் அது. அந்த நேரத்தில் எவனாவது வந்து பேரேட்டைப் பிடுங்கினால் என்ன ஆகும்? அதுதான் ரத்தமும், தொங்குகிற மஞ்சள் கருவும்.

கணக்கு முடிந்ததும் குஞ்சு தானே எழுந்து, ஓட்டை வட்டமாக வெட்டிக்கொண்டே சுற்றும். பிறகு காலால் உந்தி, தொப்பியைக் கழற்றுவதுபோல் மேல் ஓட்டைத் தள்ளிவிட்டு வெளியே விழும். நனைந்த எலிக்குட்டி மாதிரி, பார்க்கச் சகிக்காது. அதற்கும் பயப்பட வேண்டாம். உள்ளே இழுத்துக்கொண்ட மஞ்சள் கரு இரண்டு மூன்று நாளுக்குச் சாப்பாடு. உலகமெங்கும் ஒரு நாள் குஞ்சுகளைத் தீனி தண்ணீர் இல்லாமல் பெட்டியில் அடைத்து வெளியூர் அனுப்ப முடிவது இதனால்தான். ஆகவே பொரிந்த குஞ்சு பசியில் சாகுமே என்று பெட்டியைத் திறக்க அவசியம் இல்லை. உடம்பு காய்ந்து பஞ்சு மாதிரி ஆகிற வரை, ஒரு நாள் ஆனாலும், உள்ளேயே கிடக்கட்டும். அது போடுகிற சத்தம் மற்ற முட்டைகளுக்கு அழைப்பும் ஆகிறது. 1960-களில் இங்கிலாந்தில் மார்கரெட் வின்ஸ் என்ற அம்மையார் காடை முட்டைகளை வைத்து இதை ஆராய்ந்தார். பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் முட்டைகளுக்குள் குஞ்சுகள் டிக் டிக் என்று ஒலி எழுப்பி, பின்தங்கியவை வேகம் பிடித்து ஏறக்குறைய ஒரே நேரத்தில் வெளிவருகின்றன என்று காட்டினார்.

இதையெல்லாம் படிக்காமலே என் ஆயாவுக்குத் தெரிந்திருந்தது. ஆயாவுக்குப் பாகூர். கோழி கேர ஆரம்பித்ததும் பழைய கூடையில் மணலும் உமியும் பரப்பி, ஒற்றைப்படையாக 11 அல்லது 13 முட்டை வைப்பார். கூடவே ஒரு இரும்புத் துண்டு, ஒரு கரித்துண்டு, இரண்டு காய்ந்த மிளகாய். இடி இடித்தால் முட்டை கூமுட்டையாகிவிடும், இரும்பு காக்கும் என்பது நம்பிக்கை. இரும்பு இடியைத் தடுத்ததோ இல்லையோ, மிளகாய் எங்கள் கையைத் தடுத்தது. பத்தொன்பதாம் நாளிலிருந்து அந்த மூலைக்கு யாரும் போகக் கூடாது. கோழியும் அதற்கு முன்பு தினம் ஒரு முறை இறங்கித் தீனி தின்று, தண்ணீர் குடித்து, எச்சமிட்டுவிட்டுப் போய் உட்காரும். கடைசி நாட்களில் இறங்குவதே அபூர்வம். யாராவது கிட்டே போனால் சிலிர்த்துக்கொண்டு கொத்தும். ஆயா ஒரு சிரட்டையில் தண்ணீரை மட்டும் எட்டும் தூரத்தில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வருவார். எந்தக் கோழியும் தன் குஞ்சுக்கு ஓடு உரித்துவிட்டதை நான் பார்த்ததில்லை.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்குத் தெரியும். கண் எடுக்காமல் ஆசையோடு ஒருவரைப் பார்ப்பதை, கண்ணால் அடைகாப்பது என்று பிரெஞ்சில் சொல்வார்கள். பெட்டி வைத்திருப்பவர்கள் அந்த வேலையைத் தாராளமாகச் செய்யலாம். கண்ணாடி வழியாக இரவு முழுக்கப் பார்த்துக்கொண்டிருங்கள். கை மட்டும் வேண்டாம்.

சும்மா இருப்பதற்கும் முன்னேற்பாடு வேண்டும். அதைப் பதினெட்டாம் நாளே, ஒரே தடவையில், முடித்துவிட வேண்டும். முட்டை திருப்பும் தட்டை வெளியே எடுங்கள். அடியில் செய்தித்தாள் போடாதீர்கள். வழுக்கும், குஞ்சுக்குக் கால் இரண்டும் பக்கவாட்டில் விரிந்துபோய் நொண்டியாகும். சொரசொரப்பான துணியோ வலையோ போடுங்கள். டார்ச் அடித்துப் பாருங்கள். நல்ல முட்டையில் காற்றறை மட்டும் வெளிச்சமாகவும், மீதி கறுப்பாகவும் தெரியும். வெளிச்சம் முழுக்க ஊடுருவினால் கரு இல்லை. நாற்றம் அடிக்கிற முட்டையை உடனே அப்புறப்படுத்துங்கள். அது உள்ளே வெடித்தால் மற்றதும் கெடும். இந்த நேரத்தில் முட்டையை வெந்நீரில் மிதக்கவிட்டு அசைகிறதா என்று பார்க்கும் பழக்கம் கிராமத்தில் உண்டு. எனக்கு அதில் சம்மதம் இல்லை. கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் உள்ளே இருப்பது முழுகிப் போகும்.

வெப்பம் 37.5 டிகிரி செல்சியஸ் அளவில், விசிறி உள்ள பெட்டியாக இருந்தால். விசிறி இல்லாத பெட்டியில் மேலே சூடாகவும் கீழே குளிர்ச்சியாகவும் இருக்கும். அதில் முட்டையின் மேல் மட்டத்தில் 38.5 ஒட்டி வைக்க வேண்டும். பெட்டி காட்டும் எண்ணை அப்படியே நம்பாமல், வீட்டில் இருக்கும் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரை உள்ளே வைத்து ஒரு முறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

ஈரப்பதத்தில்தான் நம் ஆட்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். வீடியோவில் யாரோ ஒருவர் முதல் பதினெட்டு நாள் 50 சதவீதம், கடைசி மூன்று நாள் 70 சதவீதம் என்று சொல்கிறார். சரிதான். ஆனால் அந்த மனிதர் எந்த ஊர்க்காரர், அங்கே என்ன மாதம்? முட்டை உயிரோடு இருக்கும்போதே ஓட்டின் நுண்துளைகள் வழியாக நீரை இழந்துகொண்டிருக்கிறது. பதினெட்டாம் நாளுக்குள் எடையில் 12 சதவீதம் போல் குறைய வேண்டும்; அப்போதுதான் காற்றறை போதுமான அளவுக்குப் பெரிதாகும். கார்த்திகை மாத மழையில் நம் வீட்டுக் காற்றில் 80 சதவீத ஈரம் இருக்கிறது, வெப்பம் 30 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். அதே காற்று பெட்டிக்குள் போய் 37.5 டிகிரிக்குச் சூடாகும்போது அதன் ஈரப்பத அளவு தானாகவே ஏறக்குறைய 50-க்கு இறங்கிவிடும். ஆக, மழைக்காலத்தில் முதல் பதினெட்டு நாள் பெட்டியில் தண்ணீரே ஊற்ற வேண்டியதில்லை. ஊற்றினால் எடை குறையாது, காற்றறை சிறுத்துப்போகும், குஞ்சு உள்ளேயே நீரில் மூச்சு முட்டிச் சாகும். கத்தரி வெயிலில் நிலைமை வேறு; உலர்ந்த மத்தியானக் காற்று அப்படியே உள்ளே போகும். அப்போது தண்ணீர் கட்டாயம்.

ஆனால் கடைசி மூன்று நாள் எந்த மாதமானாலும் ஈரத்தை ஏற்றித்தான் ஆக வேண்டும். 65-லிருந்து 75 வரை. ஏனென்றால் முதல் பொத்தல் விழுந்ததும் சவ்வின் மேல் காற்றுப் படுகிறது. ஈரம் குறைவாக இருந்தால் சவ்வு காய்ந்து, சுருங்கி, குஞ்சைப் பிளாஸ்டிக் காகிதத்தில் சுற்றியதுபோல் இறுக்கிவிடும். அதனால் திரும்ப முடியாது, வெட்ட முடியாது. மூடியை ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் சேர்த்து வைத்த ஈரம் ஒரே மூச்சில் வெளியே போகிறது. பக்கத்து வீட்டில் முதல் வைப்பில் நடந்ததும் இதுதான். முதல் குஞ்சைக் காப்பாற்றத் திறந்த மூடி, மற்ற குஞ்சுகளுக்குச் சவ்வை இறுக்கியது. அவை வெளியே வராததைப் பார்த்து அவற்றையும் உரிக்க, மீண்டும் மூடி திறக்க, ஒன்றிலிருந்து ஒன்றாகப் போய்விட்டது.

அந்தப் பெட்டியோடு வருகிற ஈரமானி சரியானதுதானா என்று பார்க்க ஒரு சுலப வழி. ஒரு மூடியில் சாப்பாட்டு உப்பை எடுத்து, சேறு மாதிரி ஆகிற அளவுக்கு மட்டும் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். அதையும் ஈரமானியையும் ஒரு ஜாடிக்குள் வைத்துக் காற்றுப் புகாமல் மூடி, ஒரு ராத்திரி விடுங்கள். உள்ளே ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிற்கும். இது பௌதிக விதி. ஈரமானி 66 காட்டினால் அது ஒன்பது குறைத்துச் சொல்கிறது என்று அர்த்தம். முப்பது வருஷம் தணிக்கைக் குறிப்புக்குப் பதில் எழுதியவனுக்கு இப்படி ஒரு சரிபார்ப்பு கிடைத்தால் எவ்வளவு சந்தோஷம் தெரியுமா!

இரண்டாவது வைப்புக்கு அந்தத் தம்பி என்னிடம் வந்தார். நாள் குறித்து, கணக்கு எழுதி, 2023 நவம்பர் 15 சாயங்காலம் 36 முட்டை வைத்தோம். பதினெட்டாம் நாள் டிசம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை. மிக்ஜாம் புயல் வரும் என்று முட்டை வைத்த அன்றைக்கு யாருக்குத் தெரியும்? ஞாயிறு ராத்திரி கரு இல்லாதவற்றைக் கழித்து 29 முட்டைகளைத் துணி மேல் அடுக்கி, தண்ணீர் நிரப்பி மூடினார். திங்கள் விடியற்காலை எங்கள் தெருவில் கரண்டு போனது.

அன்றைய மழையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கம்பெனிகளுக்கு விடுமுறை. தெருவில் முழங்கால் தண்ணீர். தம்பிக்குக் கைகால் ஓடவில்லை. முட்டைகளை எடுத்துப் போர்வையில் சுற்றி, குழந்தைகள் பக்கத்தில் வைக்கலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். கடைசி நாட்களில் இருக்கிற குஞ்சு வெறும் கரு இல்லை. தானே சூடு உண்டாக்குகிற உயிர். 29 உயிர் ஒரே பெட்டியில் நெருக்கமாக இருந்தால் ஒன்றுக்கொன்று கதகதப்பு. அடைக்கோழி இறங்கிப் போய்த் தின்றுவிட்டு வரும்போது முட்டை ஆறித்தானே போகிறது? ஒரே ஒரு முறை மூடியைத் திறந்து, கேஸ் அடுப்பில் சுடவைத்த தண்ணீரை இரண்டு பாட்டிலில் ஊற்றி, துணி சுற்றி, முட்டையைத் தொடாமல் ஓரத்தில் வைத்தோம். இன்னும் எந்த ஓட்டிலும் பொத்தல் விழாததால் அந்த ஒரு முறை திறக்கத் துணிந்தோம். மூடி, மேலே கம்பளி போர்த்தினோம். காற்றுத் துளைகளை மட்டும் போர்த்தவில்லை. இது முக்கியம். கடைசி நாட்களில் உள்ளே இருப்பவை மூச்சு விடுகின்றன. குளிருக்குப் பயந்து துளையை அடைத்தால் குளிரில் தப்பியது மூச்சு முட்டிப் போகும்.

ராத்திரி ஒன்பது மணி சுமாருக்குக் கரண்டு வந்தது. ஏறத்தாழ பதினாறு மணி நேரம். புதன்கிழமை இருபத்தொன்றாம் நாள். ஒரு சத்தமும் இல்லை. அவர் மனைவி சமையலறைக்கும் மாடிப்படிக்குமாக நடந்துகொண்டே இருந்தார். தம்பி நைட் ஷிப்டுக்குப் போய்விட்டார். ஒரு வகையில் நல்லதாயிற்று. வியாழக்கிழமை காலை முதல் பொத்தல். வெள்ளி மத்தியானத்துக்குள் 21 குஞ்சு. யாரும் ஒரு ஓட்டையும் தொடவில்லை. குளிர்ச்சி பட்டதால் ஒரு நாள் தள்ளிப் போயிற்று, அவ்வளவுதான். இருபத்தொன்று என்பது கோழிக்குச் சராசரி. முட்டைக்குள் இருப்பதற்குக் காலண்டர் தெரியாது. இருபத்திரண்டு, இருபத்துமூன்று வரை காத்திருக்காமல் முட்டையைத் தூக்கி எறிவது அநியாயம்.

இங்கே ஒரு கிளைக்கதை சொல்ல ஆசை. பள்ளியில் எங்களுக்கு ரெயோமூர் என்ற பெயர் தெர்மாமீட்டர் பாடத்தில் வரும்; தண்ணீர் கொதிப்பதை 80 டிகிரி என்று வைத்த பிரெஞ்சு விஞ்ஞானி. அந்த மனிதர் 1749-இல் செயற்கையாகக் குஞ்சு பொரிக்கும் கலையைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதினார் என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. எருக்குவியலின் சூட்டில் பீப்பாயைப் புதைத்து முட்டை வைத்துப் பார்த்திருக்கிறார். அவருக்கு முன்மாதிரி எகிப்து. அங்கே ஆயிரக்கணக்கான முட்டைகளை மண் அடுப்பு அறைகளில் வைத்துப் பொரிக்கும் தொழில் தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. தெர்மாமீட்டர் கிடையாது, முட்டையை எடுத்துக் கண்ணிமை மேல் வைத்துச் சூடு பார்ப்பார்கள். பிறகு 1880-ஐ ஒட்டி, பாரிஸில் தார்னியே என்ற பிரசவ மருத்துவர் விலங்குக் காட்சிச்சாலையில் குஞ்சு பொரிக்கும் பெட்டியைப் பார்த்து, குறைமாதக் குழந்தைக்கும் இப்படி ஒன்று செய்தால் என்ன என்று யோசித்தார். அதைச் செய்தவரையே கேட்டு ஒரு பெட்டி செய்து, பாரிஸ் பிரசவ ஆஸ்பத்திரியில் வைத்தார். இன்றும் பிரெஞ்சில் இரண்டு பெட்டிக்கும் ஒரே பெயர், கூவேஸ். அடைகாப்பவள் என்று அர்த்தம். நம் ஆஸ்பத்திரிகளிலும் அந்த அறைக்குள் தாத்தா பாட்டி நினைத்தபோது புகுந்து குழந்தையைத் தூக்க விடுவதில்லை அல்லவா? அங்கே நர்ஸம்மா சொன்னால் கேட்டுக்கொள்கிற நாம், கோழிப் பெட்டி என்றதும் இஷ்டத்துக்குக் கை விடுகிறோம்.

ஒருபோதும் உதவக் கூடாதா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: ஏறக்குறைய ஒருபோதும். பொத்தல் விழுந்து ஒரு முழு நாள் கடந்து, மற்றவை எல்லாம் பொரிந்து முடிந்து, இது மட்டும் அப்படியே நின்று, தெரிகிற சவ்வு பழுப்பாகக் காய்ந்திருந்தால், வெதுவெதுப்பான நீரில் தொட்ட பஞ்சால் சவ்வை நனைத்து, பொத்தலைச் சுற்றி ஓட்டை ஒரு நக அளவு பெயர்க்கலாம். ஒரு துளி ரத்தம் தெரிந்தாலும் கையை எடுத்துவிட வேண்டும். கணக்கு இன்னும் முடியவில்லை என்று பொருள். அப்படி உதவி பெற்று வந்த குஞ்சில் சில நன்றாக வளரும், பல நோஞ்சானாகும். அதை வளர்ப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும். வியாபாரத்துக்காகப் பொரிப்பவர் அந்த ஒன்றுக்காக மற்ற இருபதைப் பணயம் வைக்கக் கூடாது என்பேன்.

பெட்டி விற்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. பக்கத்து வீட்டுக்கு வந்த பெட்டியில் இருந்த காகிதம் ஆங்கிலத்திலும் சீனத்திலும் இருந்தது. எந்தப் பொத்தானை அமுக்கினால் எந்த விளக்கு எரியும் என்று படம் போட்டு விவரமாக இருக்கிறது. பதினெட்டாம் நாள் என்ன செய்ய வேண்டும் என்று ஒரே ஒரு வரி. ஐயாயிரம், எட்டாயிரம் வாங்குகிறவர்கள் தமிழில் ஒரு பக்கம் அச்சடித்துக் கொடுக்க என்ன கஷ்டம்? கொட்டை எழுத்தில், மூடி மேலேயே ஒட்டுகிற மாதிரி. வீடியோக்காரர்கள் இந்த நாட்களுக்கு லாக்டவுன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 2020-இல் ஊரடங்கு பார்த்த நமக்கு அந்த வார்த்தை சுலபமாகப் புரியும். ஆனால் அதே வீடியோவில் பார்ப்பவர்களுக்குச் சுவாரசியம் வேண்டுமென்று மூடியைத் திறந்து குஞ்சைக் கையில் தூக்கிக் காட்டுகிறார்கள். பிள்ளைகள் சொன்னதை விட்டுவிட்டுச் செய்ததைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

நேரில் கற்றுக்கொள்ள விரும்புகிறவர்கள் காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போய் விசாரிக்கலாம். பூந்தமல்லி பக்கத்துக் காட்டுப்பாக்கம் அல்ல. பொத்தேரி, மறைமலை நகர் பக்கம் இருப்பது. கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. புறக்கடைக் கோழி வளர்ப்புக்குப் பயிற்சி தருகிறார்கள்.

என்னைக் கேட்டால் இவை எல்லாவற்றையும்விடச் சுலபமான ஏற்பாடு ஒன்று இருக்கிறது. பதினெட்டு நாள் பெட்டி அடைகாக்கட்டும். கடைசி மூன்று நாளுக்கு, ஏற்கெனவே அடையில் உட்கார்ந்திருக்கும் கோழி ஒன்றின் அடியில், ராத்திரி இருட்டில், பத்துப் பன்னிரண்டு முட்டையை மாற்றி வைத்துவிடலாம். அதற்கு ஈரமானி வேண்டாம், கரண்டு வேண்டாம். பொரிந்ததும் புரூடர் பல்பு வேண்டாம். தாயே இறக்கைக்குள் வைத்துக்கொள்ளும், பருந்தைக் கண்டால் குரல் கொடுக்கும், கிளறித் தின்னச் சொல்லிக்கொடுக்கும். எல்லா முட்டையையும் ஒரு கோழி தாங்காது என்பது உண்மை. ஆனால் ஷிப்டுக்குப் போகிற வீட்டில், பன்னிரண்டு குஞ்சையாவது கவலையில்லாமல் இறக்க இது போதும்.

தம்பி அடுத்த வைப்பைப் பொங்கல் கழித்து வைத்துக்கொள்ளலாம் என்கிறார். முட்டைக்குச் சொல்லிவிட்டார். அடைக்கோழிதான் அகப்படவில்லை. வல்லக்கோட்டை, மாத்தூர், பண்ருட்டி கண்டிகை பக்கம் இருப்பவர்கள் யார் வீட்டிலாவது தை மாதக் கடைசியில் கோழி கேர ஆரம்பித்தால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். கூடையோடு வந்து வாங்கிக்கொள்கிறோம். கோழிக்கு வாடகையாக இரண்டு குஞ்சு தருவதாகத் தம்பி ஒப்புக்கொண்டிருக்கிறார்.